தீவின் இடப்பக்கம்

எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் என் அண்ணன் எனோஸ் ஒருவன்தான். அதனால் பிட்ஸ்பர்க்கில் படகு வாங்கிய கையோடு ஆற்று வழிகாட்டிப் புத்தகத்தையும் அவனே வாங்கினான். ஒஹாயோ ஆற்றில் எந்தத் தீவை எந்தப் பக்கமாகக் கடப்பது, எங்கே மணல்திட்டு, எங்கே மரம் முழுகிக் கிடக்கிறது, எல்லாம் அதில் அச்சாகியிருந்தது. அவன் படகின் கூரைமேல் உட்கார்ந்து வாசிப்பான். நானும் அண்ணி கெசியாவும் நீளத் துடுப்பை இழுப்போம். வாசிப்பதற்கு இரண்டு கையும் வேண்டுமாம் அவனுக்கு.

படகு இரண்டு குடும்பத்துக்கும் பொது. தட்டைப் படகு கீழ்நோக்கி மட்டும்தான் போகும். அந்த மரப்பெட்டியை நீரோட்டத்துக்கு எதிராக யாராலும் இழுக்க முடியாது. இறங்குகிற இடத்தில் அதைப் பிரித்து, அந்தப் பலகையிலேயே வீடு கட்டிக்கொள்வோம். என் வீட்டுக்காரர் ஜோத்தாம் குளிருக்கு முன்பே கிளம்பிப் போய், பெரிய தீவு ஒன்றின் பின்னால், ஓடை வந்து சேரும் இடத்தில் நிலம் பிடித்திருந்தார். பாதிப் பலகை எங்களுக்கு, பாதி அண்ணனுக்கு, அடுத்தடுத்த வீடு என்று பேச்சு. அவரிடம் போய்ச் சேரவேண்டும், எனக்கு வேறு எண்ணமே இல்லை. சின்னவள் அப்பன் முகத்தையே மறந்துவிட்டிருந்தாள்.

ஒரு நாள் காலை மூடுபனி விலகியபோது எதிரே பெரிய தீவு தெரிந்தது.

"அண்ணே, இதுவா பாரேன். இதுக்குப் பின்னாடிதானே ஓடை?"

எனோஸ் பக்கத்தைப் புரட்டினான். "இது இல்லை. அது இன்னும் கீழ இருக்கு. இதுல இடப்பக்கம் போனா தரை தட்டும்னு போட்டிருக்கு. வலப்பக்கமாத் திருப்பு, டார்க்கஸ். நல்லா இழு. காலையில தின்ன சோளக்களி எங்க போச்சு?"

நான் சிரித்துக்கொண்டே இழுத்தேன். தீவு கடந்து பின்னால் போய் மறைந்தது.

சாயங்காலம் கரையோரம் கட்டினோம். ப்ரூவர் என்ற கிழட்டு வேட்டைக்காரர் சின்னப் படகில் வந்தார். மான்கறி கொடுத்து உப்பு கேட்டார். பேச்சுவாக்கில் ஜோத்தாமைத் தெரியுமா என்று விசாரித்தேன்.

"செம்பட்டைத் தாடிக்காரனா? அவனைத் தாண்டி வந்துட்டியே தாயி. காலையில பெரிய தீவு ஒண்ணு பார்த்திருப்பியே, அதுல இடப்பக்கம் திரும்பினா ஓடை. எந்தப் படகு வந்தாலும் அங்க வந்து நின்னு பார்ப்பான். பொண்டாட்டி வர்றாளாம், போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் இதே பேச்சுதான்."

"இடப்பக்கம் தரை தட்டுமாமே?"

"யாரு சொன்னா? எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் வர்றாங்க."

எனோஸ் புத்தகத்தை மூடினான். "புத்தகம் பழசு. ஆறு வருஷா வருஷம் மணலை மாத்திப் போடுது. அச்சடிச்சவன் என்ன பண்ணுவான்?"

நான் நம்பிவிட்டேன். அப்படி நடப்பதுண்டுதான். முகம் தெரியாத அச்சுக்காரனை வாய் வலிக்கத் திட்டவும் ஆரம்பித்தேன். பானையைக் கிளறிக்கொண்டிருந்த கெசியா திரும்பாமலே முணுமுணுத்தாள்.

"நான் அப்பவே சொன்னேன், அவகிட்ட சொல்லிடுங்கன்னு. கேட்டாதானே."

"எப்ப அண்ணி?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மேல வீலிங் ஊர்ல படகு நின்னப்ப."

வீலிங்கைத் தாண்டிய பிறகு எத்தனை ராத்திரி அவளும் நானும் ஒரே போர்வையில் படுத்திருக்கிறோம். அப்பாகிட்ட வந்துட்டோம்டி தங்கம் என்று என் மகளைக் கொஞ்சியவளும் அவள்தான்.

எனோஸ் கூரையிலிருந்து இறங்கி வந்தான். "இங்க பாரு. உன் புருஷன் பிடிச்சிருக்கறது களிமண் மேடு. கீழ வாபாஷ் ஆத்துப் பக்கம் கறுப்பு மண்ணு, கையால தோண்டலாம். உன் புருஷன்கிட்ட இறங்கியிருந்தா நீ பாதிப் படகைப் பிரிச்சுக்குவ. மிச்சப் பாதியில நான் மிதந்து போறதா? நாம போய் உக்காந்துட்டா ஜோத்தாம் தானா வந்து சேருவாரு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுன்னா என்கிட்ட சொல்லியிருப்பியே."

"சொன்னா நீ துடுப்பு இழுத்திருப்பியா?"

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் தீவுக்கு அந்தப் பக்கம் நிற்க, என் கையாலேயே என்னை அவரைத் தாண்டிப் போக வைத்திருக்கிறான். அதுவும் கேலி பேசிக்கொண்டே. கூடப் பிறந்தவன்.

பிள்ளைகளைக் கரையில் இறக்கினேன். ப்ரூவர் கரையோரப் பாதை காட்டுவதாகச் சொன்னார். திரும்பிப் போய், படகில் கட்டியிருந்த என் காளையை அவிழ்த்தேன். "மாட்டை எங்க கொண்டு போற?" என்று எனோஸ் குறுக்கே வந்தான். "நகரு" என்றேன். என் முகத்தைப் பார்த்து நகர்ந்தான்.

காளையை மரத்தில் கட்டுவதற்குள் அவன் படகின் கயிற்றை அவிழ்த்துவிட்டான். அடுத்து கலப்பையைக் கேட்பேன் என்று அவனுக்குத் தெரியும். கலப்பை, விதைச்சோளம், இறகு மெத்தை, என் பாதிப் பலகை எல்லாம் ஆற்றோடு நகர்ந்தன. கெசியா அழுதுகொண்டே பிள்ளைகளின் செருப்புகளைக் கரைக்கு வீசினாள். ஒன்று தண்ணீரில் விழுந்தது. எனோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. கூரைமேல் ஏறிப் புத்தகத்தைப் பிரித்துவிட்டான்.

மூங்கில் புதரும் சேறுமாக நாள்கணக்கில் நடந்தோம். பிள்ளைகள் காளைமேல் உட்கார்ந்து வந்தார்கள். அப்பாவிடம் என்ன சொல்லவேண்டும் என்று வழியிலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ப்ரூவர் காதில் விழாததுபோல் முன்னால் நடந்தார்.

ஜோத்தாம் எங்களைப் பார்த்து ஓடி வந்தார். சின்னவள் பயந்துபோய் என் பாவாடைக்குள் ஒளிந்தாள். அவர் சிரித்து, அழுது, எங்கள் எல்லாரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கையைப் பிடித்து இழுத்துப்போய் இடத்தைக் காட்டினார். இரண்டு வீட்டுக்கும் அடிமரம் செதுக்கிப் போட்டு வைத்திருந்தார்.

"மேட்டு இடத்தை எனோஸுக்கு விட்டுட்டேன். உங்க அண்ணிக்கு வெள்ளம்னா பயமாச்சே." பிறகு ஆற்றைப் பார்த்தார். "படகு எங்க? அவங்க எங்க?"

"மூழ்கிட்டாங்க" என்றேன். "ரெண்டு பேரும்."

அவர் தொப்பியைக் கழற்றினார். எனோஸுக்காகப் போட்ட அடிமரத்தின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் தேற்றவில்லை. என் அண்ணனுக்காக யாராவது ஒருவர் அழத்தானே வேண்டும், என்னால் ஆகாது.