கிழிந்த இடத்துக்கு அப்புறம்

"கண்ணாடி இல்லாம உங்கப்பா முகம் யாரோ மாதிரி இருக்கு. தேடி எடுத்துட்டு வா," என்றாள் அம்மா, கட்டிலில் கிடந்தவரின் தலைமுடியை வாரிவிட்டுக்கொண்டே.

மயானத்துக்கு எடுத்துப்போகும் வண்டி வர இன்னும் நேரமிருந்தது. மகள் அடுத்த அறைக்குப் போனாள். கண்ணாடி எங்கேயும் போய்விடவில்லை. மேசையில், பிழைதிருத்த வந்த தாள்களின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

அந்த மேசையில்தான் அப்பாவும் மகளும் பழைய பாட்டுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார்கள். வருமானம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, பிடிவாதம் மட்டும் மலையளவு. ஒருவர் கையெழுத்துப் படியில் விரல் வைத்து ஒரு வரி பாடுவார். மற்றவர் அச்சுப் புத்தகத்தில் அதே வரியைப் பார்த்துவிட்டு "சரி" என்பார். அந்தச் 'சரி' காதில் விழாமல் விரல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. பூச்சி எச்சத்தைச் சுரத்தின் மேல் வைக்கும் புள்ளி என்று நம்பி ஒரு நாள் முழுக்க இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டதும் உண்டு. தாளில் மூக்கு உரசப் படிப்பாள் என்பதால் மகளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பேர்.

கடைசியாகக் கையில் இருந்த பாட்டுக்கு முடிவு இல்லை. கையெழுத்துப் படியின் கடைசித் தாள் பாதியில் கிழிந்து போயிருந்தது. பிற்பாடு அச்சடித்த ஆசாமி, தன் கைச்சரக்கை அங்கே ஒட்டிவைத்திருந்தார். "இவன் யாரு பாட்டுக்கு வால் ஒட்ட?" என்று அப்பா கொதிப்பார். கிழிந்த இடத்தைத் தாண்டி யாராவது பாடினால் மேசையைத் தட்டி நிறுத்துவார். தாங்களே சரியாக அங்கே நிறுத்தியவர்களிடம், "அப்புறம்?" என்று வேண்டுமென்றே கொக்கி போட்டுப் பார்ப்பார். மகள் ஒருநாளும் மாட்டியதில்லை.

இன்று காலையில் கண் திறந்து, "பூதக்கண்ணாடி, அந்தப் பாட்டைப் பாடேன்," என்றார். பாடினாள். கிழிந்த இடம் வந்ததும் கச்சிதமாக நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அப்புறம் தாள் இல்லப்பா."

சிரிப்பார் என்று பார்த்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். "போற நேரத்துலயும் என்னைச் சோதிச்சுப் பாத்தாரும்மா. நான் ஏமாறல."

அம்மா கண்ணாடியை அவர் காதுகளில் மாட்டிச் சரிசெய்தாள். "சோதிக்கலடி. நேத்தெல்லாம் அந்த முடிவைத்தான் என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஞாபகம் வரமாட்டேங்குதுன்னாரு. எனக்கு எங்க பாட்டு வருது? உன்கிட்ட கேக்கச் சொன்னதே நான்தான்."

"அது பொய்யான முடிவும்மா."

"பொய்யோ மெய்யோ. நீ தொட்டில்ல கிடந்தப்ப அதைப் பாடித்தான் தூங்க வைப்பாரு. அந்த முடிவு வந்தாத்தான் நீ கண்ணை மூடுவே. இந்த ஆராய்ச்சி எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதானே."

அப்பா மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாளே பாவி.

அந்த முடிவு அவளுக்கு மனப்பாடம்கூட இல்லை. மனதில் தங்கவிடாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஓடிப்போய் அச்சுப் புத்தகத்தை எடுத்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தில் 'நம்பாதே' என்று அப்பாவின் சிவப்பு மை. அதன் கீழே விரலை வைத்தாள். பாட ஆரம்பித்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. "எடுக்கலாங்களா?" என்று யாரோ எட்டிப் பார்த்தார்கள். அம்மா கையைக் காட்டி அவர்களை நிறுத்தினாள்.

மகள் முதல் வரியைப் பாடி முடித்தாள். கீழே இன்னும் வரிகள் இருந்தன. விரலை வரியின் கடைசியிலேயே வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்ட அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி, அந்தச் 'சரி'க்காகக் காத்திருந்தாள்.