கூடிப்போன ஆயில்

என் நாத்தனார் தண்ணீர் குடிக்கும் முன் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அதைக் கழுவி வைத்தவள் நான். எனக்கு எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. மாற்றலாகி வந்து எங்களோடு தங்கியதிலிருந்து வீட்டில் எதைத் தொட்டாலும் யாரோ பின்னால் நின்று மார்க் போடுகிற மாதிரியே எனக்கு இருந்தது. சண்டை ஒன்றும் கிடையாது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன் அண்ணி." எங்கள் பேச்சு அதோடு சரி.

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஒருமுறை கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள், பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில் கிழிந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும். கல்யாணமான புதிதில் எனக்கு அதில்தான் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். பிறகு எனக்குப் பின்சீட்டே நிரந்தரமாகிவிட்டது.

பாலத்தைப் பழுது பார்க்கிறோம் என்று எங்கள் பக்கம் வருகிற பஸ்ஸை நிறுத்தியபோதுதான் வண்டி ஞாபகம் வந்தது. நான் வேலை செய்யும் பேக்கரியில் விடிவதற்குள் மாவு பிசைந்தாக வேண்டும். அந்த நேரத்தில் வாடகை வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு. கணவரைப் போனில் பிடித்தேன்.

"எடுத்து ஓட்டேன்," என்றார். "சும்மா நின்ன வண்டி, முதல்ல ஆயிலை மாத்திடு. ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்சம் சூடாக்கிட்டு, அடியில இருக்கிற போல்ட்டைக் கழட்டினா பழசு இறங்கிடும். புதுசு ஒரு லிட்டர் ஊத்து. குழந்தைகூடப் பண்ணும்."

"அந்தக் குழந்தையைக் கொஞ்சம் அனுப்பி வைங்களேன்," என்பதற்குள் லைன் போய்விட்டது.

தெருமுனையில் இருக்கிற மெக்கானிக்குக்குக் கையில் கட்டு. கடை பூட்டிக் கிடந்தது. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஆயில் டின்னும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைக்குப் போனேன். நைட் டியூட்டி முடிந்து வந்த நாத்தனார், உடைகூட மாற்றாமல் டீ டம்ளரோடு படியில் வந்து உட்கார்ந்தாள். நல்ல வெயில்.

"நீ போய்ப் படும்மா. எள்ளு எண்ணெய்க்குக் காயுது, நீ எதுக்குக் காயுற?"

சொன்ன பிறகுதான் பழமொழியின் மிச்சப் பாதி நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் டீயை ஊதியபடி, "அப்ப நான் எலிப்புழுக்கையா அண்ணி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இன்ஜின் பக்கவாட்டில் இருந்த மூடியைத் திருகி எடுத்தேன். அதோடு ஒட்டினாற்போல் ஒரு சின்னக் கம்பி. அதில் இரண்டு கோடு. ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நின்றதோ மேல்கோட்டையும் தாண்டி.

"நிறையவே இருக்கு! வாங்கினது தண்டமோ?" என்றேன்.

"அண்ணன் போறதுக்கு முன்னாடி ஊத்தினாரா?"

"இல்ல. கிளம்பற அன்னிக்கு எங்கிட்டயே காட்டினார். சரியா நடுவுல இருந்துச்சு."

"அப்புறம் யாரு ஊத்தினது?"

"யாரும் ஊத்தல."

"யாரும் ஊத்தாம எப்படிக் கூடும்?"

குறை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே மூடியை மாட்டிவிட்டு, வண்டியைச் சூடாக்குவதற்காகக் கிக்கரில் காலை வைத்தேன்.

"அண்ணி, காலை எடுங்க."

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் என் கால் தானாக இறங்கிவிட்டது.

டம்ளரைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் கை கழுவிவிட்டு, வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றோடு வந்தாள். மூடியை மறுபடி திருகி எடுத்து, கம்பியில் இருந்த ஆயிலை அதில் ஒரு சொட்டு விட்டாள். நடுவில் கறுப்புப் பொட்டாக நின்று, அதைச் சுற்றி வெளிறிய வட்டம் கிடுகிடுவென்று பரவியது. மூக்கருகே கொண்டுபோகாமல், தூரத்தில் வைத்துக் கையால் விசிறி வாசம் பிடித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"பெட்ரோல் வாசம் வருது அண்ணி. எனக்கு இன்ஜினைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா இது வெறும் ஆயில் இல்ல."

அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து 'எனக்குத் தெரியாது' என்று ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. மாமனாரும் சொன்னதில்லை, அவர் பெற்ற பிள்ளையும் சொன்னதில்லை. இவள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

டேங்க் மூடியைத் திறந்தாள். கணவர் நிரப்பிவிட்டுப் போன டேங்க் பாதிதான் இருந்தது.

"அடப்பாவி, எவனோ திருடியிருக்கான்!"

"திருடிட்டுப் போயிருந்தா ஆயில் ஏன் கூடுது?"

டேங்க் அடியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நரம்பு தேடுகிறவள் விரல் அது. ஓரிடத்தில் நின்றது. பெட்ரோலை அடைக்கிற டேப் திறந்தே கிடந்தது. கிளம்புகிற அவசரத்தில் அவர் மூடாமல் போயிருக்கிறார்.

"இவ்வளவு மாசமா சொட்டுச் சொட்டா உள்ள இறங்கியிருக்கணும். இருந்தாலும் விவரம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

மெக்கானிக்குக்குப் போன் போட்டு, பார்த்ததை மட்டும் வரிசையாகச் சொன்னாள். தன் ஊகத்தைக் கடைசியில்தான் சொன்னாள்.

"ஐயையோ, ஸ்டார்ட் பண்ணிடாதீங்கம்மா!" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. "பெட்ரோல் கலந்தா ஆயில் தண்ணியாயிடும், உள்ள எல்லாம் உரசிப் போயிடும். நீங்க சொன்னதுதான். கார்புரேட்டர்ல பெட்ரோலைத் தடுக்கிற ஊசி ஒண்ணு இருக்கும், அது தேஞ்சிருக்கு. கை சரியானதும் நான் மாத்தித் தரேன். அதுவரைக்கும் வண்டி நின்னா டேப்பை மூடுங்க. இப்ப சூடாக்காம அப்படியே இறக்குங்க. நெருப்பு கிட்ட வரக் கூடாது."

நான் கிக்கரை உதைத்திருந்தால்? அந்த வண்டியை என் கணவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு இருவரும் தரையில் சாக்கை விரித்துப் படுத்தோம். போல்ட்டோ அசையவில்லை. அவள் முயன்றாள், நான் முயன்றேன். கீழே படுத்துப் பார்க்கும்போது இடம் வலம் எல்லாம் குழம்பி, கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்! திசையை மாற்றியதும் மாவு பிசைந்த என் மணிக்கட்டுக்கு வேலை வந்தது. டக்கென்று விட்டது.

ஒரு லிட்டர்தானே என்று வைத்த கிண்ணம் கண்மூடித் திறப்பதற்குள் தளும்பியது. "அண்ணி, வேற பாத்திரம்!" என்று கத்தினாள். சமையலறைக்கு ஓடிக் கையில் அகப்பட்டதை எடுத்து வந்தேன். என் புது ரொட்டி அச்சு. அதுவும் முக்கால்வாசி நிறைந்தது. அவள் நெற்றியில் கறுப்பு, கழுத்தில் கறுப்பு. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், கடைசிச் சொட்டு வடிகிறவரை கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போல்ட்டைத் துடைத்து, அதிலிருந்து நழுவி கிண்ணத்துக்குள் விழுந்திருந்த வாஷரைத் துழாவி எடுத்து மாட்டினாள். நான் இறுக்கினேன். டேப்பை மூடிக் குழாயைப் பிடுங்கிக் காத்திருந்தோம். சொட்டவில்லை. குழாயைத் திரும்ப மாட்டிய பிறகுதான் புது ஆயில் ஊற்ற விட்டாள். கொஞ்சம் ஊற்றுவது, பொறுப்பது, கம்பியைப் பார்ப்பது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது, ஆனாலும் கை அவசரப்படவில்லை. ஆயில் நடுவில் வந்து நின்றது.

டேப்பைத் திறந்துவிட்டு உதைத்தேன். ஏழெட்டு உதை வாங்கிய பிறகு வண்டி இருமியது, செருமியது, பிறகு அதன் பழைய தாளத்துக்கு வந்தது. நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் உடையும் பாழ்.

"கொஞ்சம் ஓடினதும் இன்னொரு தடவை மாத்தணும் அண்ணி. உள்ள ஒட்டிக்கிட்டிருக்கிற பெட்ரோல் ஒரு கழுவுல போகாது."

"இன்னொரு தடவையா? உன் அண்ணன் வந்து பண்ணட்டுமே."

"அண்ணன் வர்ற வரைக்கும் இன்ஜின் காத்திருக்காது."

இரண்டாம் முறையும் மாற்றினோம். அந்த முறை ரொட்டி அச்சை நான் ஒளித்து வைத்துவிட்டேன். மெக்கானிக் கட்டுப் பிரித்ததும் ஊசியை மாற்றிக் கொடுத்து, "இதை யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நான் அவளைக் காட்டினேன். காட்டும்போது என் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது உண்மைதான்.

அவளுக்குக் காலை டியூட்டி வந்தபோது அவளும் என்னோடு இருட்டிலேயே கிளம்பிவிடுவாள்; ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் பேக்கரிக்குப் போவேன். ஒருநாள் இறங்கியவள் போகாமல் நின்றாள்.

"அண்ணி, எனக்கும் ஓட்டக் கத்துத் தர்றீங்களா?"

"உனக்கு ஓட்டத் தெரியாதா?"

"சைக்கிளே தெரியாது."

அந்த வாரமே பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. மறுபடியும் துள்ளியது, மறுபடியும் நின்றது. நான் சிரித்தே விட்டேன். அவள் இறங்கவில்லை. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மூச்சை இழுத்து விட்டு, மறுபடி கிக்கரை உதைத்தாள்.