உருளைக்கு நாலு பேர்

வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. சலவை ஆலையின் பின்கட்டில் பெரிய இயந்திரம் சுற்றி ஓய்ந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் தள்ளுவண்டியில் கக்கியது. எல்லாம் ஓட்டல் படுக்கை விரிப்புகள். ஒன்றோடொன்று பின்னி, முறுக்கேறி, தடித்த கயிறுகளாகக் கிடந்தன. அண்ணி வண்டிக்குள் பாதி உடம்பைக் கவிழ்த்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காலை வண்டியில் முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தாள். ஈரத்துணியின் கனம் தோளில் ஏறி இடுப்பில் இறங்கியது. பிளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது.

"உதறுங்க அண்ணி!" என்றாள் மைனா எதிர்முனையிலிருந்து.

இருவரும் உதறினார்கள். விரிப்பு விசிறிப் பறந்து முகத்தில் சாரல் அடித்தது. அதே வேகத்தில் விளிம்பை நேராக்கி, துணிக்கு இஸ்திரி போடும் கொதிக்கும் உருளையின் வாயில் கொடுத்தார்கள். உருளை அதை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபக்கம் சுருக்கமில்லாமல் அனல் பறக்க வெளியே வரும். கொடுத்த கையோடு சுற்றி ஓடி, அதைப் பிடித்து மடிக்க வேண்டும். மடித்து நிமிர்வதற்குள் இந்தப் பக்கம் அடுத்தது காத்திருக்கும்.

முன்பு ஓர் உருளைக்கு நாலு பேர். கொடுக்கும் பக்கத்தில் மைனாவும் நாத்தனாரும். மடிக்கும் பக்கத்தில் அண்ணியும் இன்னொருத்தியும். நாத்தனார் என்றால் அண்ணியின் புருஷனுடைய தங்கை. அவள் வாய்க்கு வாய் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் ஆலை முழுவதற்கும் இவள் அண்ணி ஆகிவிட்டாள். ஓயாமல் பேசுகிறவளுக்கு மைனா என்று பெயர் வைத்ததும் நாத்தனார்தான்.

பிறகு தொழிலில் மந்தம் வந்தது. ஓட்டல்கள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தன. அழுக்குத் துணி வருவது நின்றது. துணி நின்றதும் ஆலை நின்றது, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் பகல் நேரத்தில் ஆண்களும் பெண்களும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் புருஷன் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். அந்தப் பட்டறையையும் பூட்டினார்கள். நாலாவதாக நின்றவள் குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

இப்போது ஓட்டல்களில் மறுபடி விளக்கு எரிகிறது. டி.வி.யில் கோட்டுப் போட்ட ஒருவர் வரைபடத்தில் மேலே ஏறும் கோடு ஒன்றைக் காட்டி, நாடு எழுந்து நின்றுவிட்டது என்று சிரித்தார். அதைப் பார்த்துக்கொண்டே கத்தரிக்காய் நறுக்கிய வெல்டர், "எழுந்தது சரி. எழுந்திருக்கும்போது யார் தோள்ல கைய ஊணுச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாரே" என்றார்.

ஆலையும் திறந்தது. ஆனால் பழையவர்களில் பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள். அதுவும் ஆலையின் ஆட்களாக இல்லை. ஏதோ ஓர் ஏஜென்சியின் ஆட்களாக, நேற்றுச் சேர்ந்த புதுசுகளாக. புதுசுக்குள்ள சம்பளம், பழசுக்கும் மேலான வேலை. மிச்சப் பேர் விடிகாலையில் ஆலையின் இரும்புக் கதவுக்கு வெளியே வந்து நிற்பார்கள். உள்ளே யாராவது வராமல் போனால் சூப்பர்வைசர் வந்து விரலை நீட்டுவார். விரல் பட்டவர் உள்ளே. படாதவர் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்புவார்.

நாத்தனார் அந்தக் கூட்டத்தில் நின்றாள். அண்ணியும் அவளும் ஒரே வீட்டிலிருந்து ஒன்றாகப் புறப்படுவார்கள். கதவுவரை ஒன்றாக நடப்பார்கள். அண்ணி உள்ளே போவாள்.

முதலில் அது சங்கடமாக இருந்தது. பிறகு அது முள்ளாகக் குத்தியது. ஒரு சாயங்காலம் அண்ணி வேலையிலிருந்து வந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, "அம்மா" என்று முனகினாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நாத்தனார் கையிலிருந்த கிண்ணத்தை டொம்மென்று வைத்தாள்.

"வலிக்காம என்ன செய்யும்? ரெண்டு பேர் வேலைய ஒருத்தியே செஞ்சா வலிக்கத்தான் செய்யும். அந்த ரெண்டாவது ஆள் நான்தான் அண்ணி. என் வேலையத்தான் நீங்க முதுகுல தூக்கிட்டு வர்றீங்க."

"நான் மாட்டேன்னு சொன்னா உன்னையா கூப்பிடுவான்? என்னையும் அனுப்பிட்டு வேற ரெண்டு பேரக் கூப்பிடுவான். அப்புறம் ரெண்டு பேரும் கதவுக்கு வெளிய நிக்கலாம், ஜோடியா."

"நின்னாலும் பரவால்ல. இப்பிடிக் குனிஞ்சு குனிஞ்சு..."

"வாய மூடு. இந்த வீட்டு அடுப்பு எதுல எரியுதுன்னு தெரியும்ல?"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள் அண்ணி. வெல்டர் தலை குனிந்துகொண்டார். அந்தப் பேச்சு அவரையும் சேர்த்துத்தான் சுட்டது. அன்றிலிருந்து இரண்டு பெண்களுக்கும் பேச்சு இல்லை. கதவுவரை ஒன்றாக நடந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல்.

உருளையின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் உருளை நின்றுவிடும். ஆள் குறைந்த பிறகு, விரிப்பை அள்ளித் தூக்கிப் போடும் அவசரத்தில் துணியும் அதில் பட்டுப் பட்டு உருளை நின்றது. சூப்பர்வைசர் கட்டுக்கம்பித் துண்டுகளைக் கொண்டுவந்து எல்லா உருளைகளிலும் அதை அசையாமல் கட்டிவிட்டார். "பார்த்துக் கை வைங்க, அவ்வளவுதான்" என்றார்.

இன்று காலை, வண்டியில் பாதி தீர்ந்திருந்தபோது, அண்ணி மறுபக்கம் ஓடி வெளியே வரும் விரிப்பைப் பிடித்தாள். இந்தப் பக்கம் மைனா தனியாக அடுத்ததன் விளிம்பைக் கொடுத்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் ஆட்டத்தில் ஜெயித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கதை பாதியில் அறுந்தது. பிறகு ஆலை இதுவரை கேட்டிராத ஒரு குரல் கேட்டது.

ஈரவிளிம்பு அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. உருளை துணியோடு கையையும் இழுத்தது. தடுப்புக் கம்பியை அவள் இடக்கையால் அடித்தாள். கட்டிப்போட்ட கம்பி அசையவில்லை. அண்ணி சுற்றி ஓடிவந்து, சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். உருளை நின்றது. உருளையைத் தூக்கிக் கையை வெளியே எடுக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நாலா பக்கத்திலிருந்தும் ஓடி வந்தார்கள்.

"விரல் இருக்கா அண்ணி?" என்று கேட்டாள் மைனா. கண்ணை இறுக மூடியிருந்தாள். "பார்த்துச் சொல்லுங்க."

"இருக்குடி. எல்லாம் இருக்கு" என்றாள் அண்ணி. கை இருந்த கோலத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவளுக்கே தெரியவில்லை.

துணி ஏற்றும் வேனில் அழுக்கு மூட்டைகளைத் தள்ளிவிட்டு மைனாவைப் படுக்கவைத்து அனுப்பினார்கள். வேன் போனதும் சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்தார். அவரும் மந்தத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்பியவர்தான். முன்பு மேனேஜருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர்.

"அந்த விரிப்ப மறுபடி வாஷுக்குப் போடுங்க. கறை பிடிச்சிரும்" என்றார். பிறகு, "உருளைய ஓட்டுங்க. மத்தியானத்துக்குள்ள லோடு போகணும்."

அண்ணி அவரையே பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. உருளைக்கு முன்னால் குனிந்து, தடுப்புக் கம்பியில் சுற்றியிருந்த கட்டுக்கம்பியைப் பிரிக்க ஆரம்பித்தாள். நகம் ஒடிந்தது. பல்லால் கடித்து முறுக்கினாள்.

"என்னம்மா பண்றே? அத அவுத்தா அரை மணிக்கொரு தடவ நிக்கும்."

"நிக்கட்டும்."

"என் வேலைக்கு உலை வைக்காதம்மா. மேல நான் பதில் சொல்லணும்."

"சொல்லுங்க சார். நாங்க அவுத்தோம்னு சொல்லுங்க."

'நான்' என்று சொல்ல வந்தவள் எப்படி 'நாங்க' என்று சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் பக்கத்து உருளையின் ஓசை நின்றது. அங்கே இருந்தவர்களும் குனிந்து தங்கள் கம்பியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த உருளையும் நின்றது. துவைக்கும் பக்கத்து ஆண்கள் இயந்திரங்களை அணைத்துவிட்டு, ஈரக் கையோடு வந்து நின்றார்கள். நீராவி மட்டும் எங்கோ சீறிக்கொண்டிருந்தது.

முதலாளி வந்தார். ஷூவில் தண்ணீர் படாமல் மேடு பார்த்துக் கால் வைத்து நடந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆஸ்பத்திரிச் செலவ ஏஜென்சி பார்த்துக்கும். அதுக்காக ஏன் வேலைய நிறுத்தறீங்க?"

"உருளைக்கு நாலு பேர் வேணும் சார்" என்றாள் அண்ணி. "பழையபடி. கம்பிய யாரும் கட்டக் கூடாது."

"பழையபடின்னா? பழைய காலம் போயாச்சும்மா. மார்க்கெட் இப்பதான் தட்டுத்தடுமாறி எழுந்து நிக்குது. நீங்களே அது கால வாரி விடுவீங்களா?"

"ஓட்டல்ல ரூம் கிடைக்கலன்னு டி.வி.யில சொல்றாங்க. துணி முன்னவிட ஜாஸ்தி வருது. துணி எழுந்துருச்சு, நீங்க எழுந்துட்டீங்க. நாங்க மட்டும் ஏன் சார் இன்னும் மந்தத்துலயே இருக்கோம்?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். முதலாளியின் முகம் இறுகியது.

"உங்க ஏஜென்சிகிட்ட பேசிக்கோங்க. நீங்க என் ஆளே இல்ல."

"உருளை உங்களோடதுதானே சார்?" என்றார் துவைக்கும் பக்கத்திலிருந்து ஒருவர்.

முதலாளி சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "வெளிய எத்தன பேர் நிக்கறாங்க? கதவத் திற. எல்லாரையும் உள்ள விடு. வேலை வேணும்னு தவம் கிடக்கறவங்க செய்யட்டும். இவங்க போய் வெளிய நின்னு பார்க்கட்டும், அப்பத் தெரியும்."

முதலாளியும் அண்ணியும் மற்றவர்களும் சூப்பர்வைசருக்குப் பின்னாலேயே முற்றத்துக்கு வந்தார்கள். இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. வெளியே நின்ற கூட்டம் அசைந்தது.

"எல்லாரும் வாங்க" என்றார் சூப்பர்வைசர். குரல் பிசிறியது. "இன்னிக்கு எல்லாருக்கும் வேலை உண்டு."

எத்தனையோ காலையாக ஒரு விரலுக்காக நின்றவர்கள். ஆனாலும் உடனே யாரும் காலெடுத்து வைக்கவில்லை. நாத்தனார்தான் முன்னால் வந்தாள்.

"திடீர்னு எல்லாருக்கும் எப்படி சார் வேலை? வேன் பறந்து போச்சே, அதுல யாரு?"

"மைனா!" என்று கத்தினாள் அண்ணி. அந்தச் சண்டைக்குப் பிறகு நாத்தனாரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "கை உருளைல மாட்டிக்கிச்சு. கம்பி கட்டியிருந்துச்சு, நிக்கல. நாங்க வேலைய நிறுத்திட்டோம். அதான் உங்கள எங்க எடத்துக்குக் கூப்பிடறாங்க."

நாத்தனாரின் முகம் கோணியது. ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து அவளும் மைனாவும் எத்தனை வருஷம் உதறியிருப்பார்கள்!

"எந்தக் கை?" என்றாள் மெதுவாக.

"வலது கை."

நாத்தனார் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு சூப்பர்வைசரைத் தாண்டி, முற்றத்தில் நின்ற முதலாளியைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு வேலை வேணும் சார். எப்படி வேணும்னு எங்க வீட்டுச் சுவரக் கேட்டாக்கூடச் சொல்லும். அவங்களோட சேர்ந்து நிக்கக் கூப்பிடுங்க, இப்பவே ஓடி வரேன். அவங்க எடத்துல நிக்கக் கூப்பிட்டா வர மாட்டேன்."

கதவின் குறுக்கே அவள் நிற்கவில்லை. ஓரமாகத்தான் ஒதுங்கி நின்றாள். போக நினைப்பவர்களுக்கு வழி இருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு மனிதர், யாரையும் பார்க்காமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். அவரை யாரும் திட்டவில்லை. அவர் வீட்டு நிலைமை அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். முற்றத்தின் நடுவரை போய், தனக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்காததால் திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணி இருந்த பக்கமாக வந்து, சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"மத்தியான ஷிப்டு ஏஜென்சி பஸ்ல வரும். பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி அறைக்குள் போனார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் போனில் பேசுவது தெரிந்தது. யாரிடம், என்ன என்று தெரியவில்லை. போலீஸாக இருக்கலாம். நாளைக்கு இவர்களில் யாருக்கு வேலை இருக்கும் என்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மைனாவைப் பற்றிச் செய்தி ஒன்றும் இல்லை.

"பஸ் எந்தப் பக்கமா வரும்?" என்று நாத்தனார் சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

அவர் அறையின் கண்ணாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பாலத்து வழியா" என்றார், உதடு அசையாமல்.

நாத்தனார் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வெளியே நின்றவர்கள் அவளைச் சுற்றி நெருங்கினார்கள்.

"பஸ்ல வர்றவங்களுக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியாது. நாமதான் சொல்லணும். இங்க வந்து இறங்கறதுக்கு முன்னாடியே சொல்லணும். வாங்க, பாலத்துக்குப் போவோம்."

நடக்கத் தொடங்கியவள் நின்று திரும்பினாள். "அண்ணி, உள்ள நீங்க பார்த்துக்கோங்க. வெளிய நாங்க பார்த்துக்கறோம்."

"பார்த்துப் போ" என்றாள் அண்ணி.

அவர்கள் சாலையின் முழு அகலத்துக்கும் பரவி, வெயிலில், பாலத்தை நோக்கி வேகமாக நடந்தார்கள்.