எரித்ததாகச் சொன்ன பிலிம்

என்னைக் கள்ளி என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. இந்த ஊர் ஆட்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மரியாதையாகக் கதவைத் தட்டி, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒஸ்லோ வெஸ்ட்லியில் எங்கள் ஐந்தாம் மாடிக் குசினியில் உட்கார்ந்து, நான் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டு, ஒரு கடதாசியை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள்.

லீசாவும் அப்படித்தான் வந்தாள். பழைய படங்களைப் பாதுகாக்கும் ஒரு கம்பனியில் வேலை. முப்பது வயது இருக்கும், நல்ல பிள்ளை. அவள் தேடி வந்தது எங்கள் பிறீசரின் அடியில், அறக்குளா மீனுக்கும் முருங்கைக்காய்க்கும் கீழே, முப்பத்துமூன்று வருடமாகக் கிடந்த ஒரு பிலிம் சுருளை.

1991இல் புஷ்பமலராகிய நான் ஒஸ்லோவில் ஒரு படக் கம்பனியில் துப்புரவு வேலை செய்தேன். வெளிநாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தருவித்து விநியோகித்த கம்பனி. இப்போது அது இல்லை; அதன் சொத்தெல்லாம் லீசாவின் கம்பனிக்குக் கைமாறிவிட்டது. ஒரு நாள் மேற்பார்வையாளர் ஓர் அறையைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் குப்பையில் போடு என்றார். பதினான்கு வட்டத் தகரப் பேணிகள். பதின்மூன்றைப் போட்டேன். கடைசிப் பேணியைத் தூக்கியபோது, முறுக்குப் போட்டுவைக்க எவ்வளவு தோதான பேணி என்று தோன்றியது. நல்ல பேணியை எறிகிற யாழ்ப்பாணத்துப் பொம்பிளையை நான் இன்னும் காணவில்லை. எடுக்கட்டுமா என்று கேட்டேன். கொண்டு போ என்று கையை வீசினார்.

வீட்டில் திறந்தால் ஊறுகாய்க்கு விடுகிற வினாகிரியின் புளித்த நாற்றம். உள்ளே கறுப்பாக ஒரு சுருள். அதை எறியத்தான் போனேன். போகிற போக்கில் நுனியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலையில் துணி கட்டிய ஒரு துப்புரவுக்காரி, கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதரை வாளிக்குள் இருத்திவிட்டுத் தன்பாட்டில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த படத்திலும் அவர் வாளிக்குள்தான். அதற்கடுத்த படத்திலும் வாளிக்குள்தான். நான் வயிறு நோகச் சிரித்தேன். நோர்வேக்கு வந்து மூன்று வருடத்தில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அவளை எறிய எனக்கு மனம் வரவில்லை.

நாற்றம் உடுப்பில் ஏறுகிறது என்று என் மனுசன் சச்சிதானந்தன் கத்தினார். நாலு பொலித்தீன் பையில் பேணியோடு கட்டிப் பிறீசருக்குள் தள்ளினேன். எல்லிங்ஸ்ருட்டிலிருந்து வெஸ்ட்லிக்கு வீடு மாறியபோது அவளும் வந்தாள். பிறகு இரண்டு பிறீசர் பழுதாகிப் போயின. ஒவ்வொரு முறையும் அவளைத்தான் முதலில் மாற்றி வைத்தேன்.

போன மாதம் பிறீசர் கழுவும்போது மகள் ஆரபி பேணியைக் கண்டு, படம் பிடித்து, இணையத்தில் விசாரித்தாள். அதன் பிறகு லீசா வந்தாள்.

லண்டனில் அந்தக் காலத்துச் சிரிப்பு நிகழ்ச்சிகளை நாடாவில் பதிந்தார்களாம். நாடா விலை கூட என்று, அதன்மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்து அழித்துவிட்டார்களாம். வெளிநாடுகளுக்கு அனுப்பிய பிலிம் பிரதிகள் சில மட்டும் அங்குமிங்கும் தப்பின. எங்கள் துப்புரவுக்காரி வருகிற நிகழ்ச்சியில், யாரோ தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்த சத்தம்தான் மிச்சமாம். ஒஸ்லோப் பிரதியை 1968இல் எரித்துவிட்டதாக அந்தப் படக் கம்பனி லண்டனுக்கு எழுதிக்கொடுத்த சான்றிதழையும் லீசா காட்டினாள்.

வினாகிரி நாற்றம் என்றால் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். கடுங்குளிர் ஒன்றுதான் அதைத் தடுக்குமாம். நாற்றத்துக்குப் பயந்து நான் செய்த வேலை, படித்தவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

பிறகு, பிலிமை ஒப்படைக்க நான் கையெழுத்து வைக்க வேண்டிய அந்தக் கடதாசி வந்தது. ஆரபி வாசித்துச் சொன்னாள். நிறுவனத்தின் பழைய களஞ்சியத்தைச் சோதித்தபோது இந்தப் பிலிம் கண்டெடுக்கப்பட்டதாம்.

"அப்ப நான் எங்கை?"

"நீங்கள் இதிலை இல்லை, அம்மா. அவையின்ரை அட்வொகாட் எழுதின வசனம்."

பெயர் போடாதது உங்கள் நன்மைக்குத்தான் என்றாள் லீசா. மேற்பார்வையாளர் இறந்துவிட்டார், அனுமதி தந்ததற்குச் சாட்சி இல்லை, நாளைக்கு யாராவது களவு என்று கதைத்தால் வீண் சிக்கல்.

"கையெழுத்தை வைச்சுக் குடுமப்பா," என்றார் மனுசன். "உமக்கேன் இந்தப் பொல்லாப்பு?"

"இருபத்தெட்டு வருசம் இந்த ஊரைத் துடைச்சனான். துடைச்ச ஒரு இடத்திலையும் என்ரை பேர் இல்லை. இதிலை இருக்கோணும்."

லீசா பெருமூச்சு விட்டு, தான் கொண்டுவந்த குளிர்ப்பெட்டியோடு எழுந்து பிறீசர் பக்கம் திரும்பினாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் போய், முழங்கால் நோவோடு முக்காலியில் ஏறி, பிறீசர் மூடிக்கு மேலே உட்கார்ந்துகொண்டேன்.

அவள் தன் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, எங்களுக்கும் குரல் கேட்கும்படி வைத்தாள். அது கம்பனியின் சொத்து, தேவையென்றால் பொலிசில் முறையிடுவோம் என்றது அந்தக் குரல். நான் பேசுகிற நொர்ஸ்க் பாஷை வாளிக்கும் துடைப்பத்துக்கும் போதும், சண்டைக்குக் காணாது. தமிழில் சொன்னேன்.

"எரிச்சுப் போட்டம் எண்டு லண்டனுக்கு எழுதிக் குடுத்தது நீங்கள். எரிஞ்சுபோன சாமானை நான் எப்பிடிக் களவெடுக்கிறது? பொலிசைக் கூப்பிடுங்கோ. அவையளும் அந்தச் சான்றிதழைப் பாக்கட்டும்."

"உப்பிடியே சொல்லுறதோ, அம்மா?"

"ஒரு சொல்லும் குறையாமல் சொல்லு."

ஆரபி சொன்னாள். லீசாவோடு தனியே கதைக்க வேண்டும் என்றது குரல். அவள் வெளியே போய், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். சிரிப்பை அடக்கப் பார்ப்பது தெரிந்தது. கடதாசியில் அந்த வசனத்தைக் கோடிழுத்து வெட்டினாள்.

"என்ன எழுத வேண்டும்?" என்று கேட்டாள்.

முழுப் பெயரையும் சொன்னேன். முன்னாள் ஊழியர் என்று போடட்டுமா என்றாள். இல்லை, துப்புரவுத் தொழிலாளி என்று போடு என்றேன். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டாள். இதற்கு ஆரபி தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்த நொர்ஸ்க்கே போதுமாக இருந்தது. கம்பனியே சொல்வதுபோல் நான் சொல்லச் சொல்ல, என் பெயருக்குக் கீழே எழுதினாள். உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

"எறியச் சொன்னோம். அவர் எறியவில்லை."