கூரை போட்ட வாய்க்கால்

சிவக்கொழுந்து ஒரு நெற்பயிரைச் சேற்றோடு பிடுங்கித் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே குஞ்சுக் கதிர் வெள்ளையாக, உயிரோடுதான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவளுக்கு அந்த நிம்மதி அடுத்த மூச்சு வரைக்கும் தாங்கவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு மேலே நின்றது. பயிரின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. கதிர் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்து நெல் இன்னும் சில நாள் இப்படி வெள்ளத்துக்குள் கிடந்தால் கதிர் உள்ளேயே அழுகிவிடும். தப்பி வெளியே வந்தாலும் பதர்தான். மழை விட்டாலும் தூவானம் விடாது என்பார்கள். இந்த மார்கழியில் மழையே விடுவதாக இல்லை.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். வாய்க்காலடிக்குப் போனால் வயல் என்னவாகிறதோ என்றிருக்கும். வயலுக்கு வந்தால் வாய்க்காலடியில் யாராவது என்னவாவது செய்துவிடுவார்களோ என்றிருக்கும். தலையில் போட்டிருந்த உரப்பையிலிருந்து தண்ணீர் கழுத்துக்குள் ஒழுகியது. அதைத் துடைக்கவும் அவளுக்குப் பொறுமையில்லை.

கொடிகாமத்துக்குத் தெற்கே, உப்பு நீரேரியை ஒட்டி இருந்த அந்தப் பெண்கள் இல்லத்தில் வயலுக்குப் பொறுப்பு அவள்தான். இல்லத்தைத் தொடங்கியவர் செல்வநாயகி. ஓய்வுபெற்ற ஆசிரியை, எல்லாருக்கும் பெரியக்கா. புருஷனை இழந்தவர்களும் புருஷனால் கைவிடப்பட்டவர்களும் போக்கிடமில்லாதவர்களும் சேர்ந்து நெல்லும் வெங்காயமும் போட்டு, மாடு வளர்த்து, தையல் தைத்துத் தங்கள் சோற்றைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அரிசி மூட்டையோடு வந்த பெரிய மனிதர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, மூட்டையையும் கொடுத்துத் திருப்பி அனுப்பிய மனுஷி. இந்த வீம்பு ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. சிவக்கொழுந்துக்குப் பிடித்திருந்தது. புருஷன் விட்டுப்போன பிறகு தமையன் வீட்டில் ஒவ்வொரு பிடி சோற்றுக்கும் மச்சாளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தின்றவள் அவள்.

ஆனால் வீம்பு வைத்திருப்பவர்களுக்கு வயல் விளைய வேண்டும். சண்டையால் பாதை பூட்டி, வெளியிலிருந்து சாமான் வராமல் கிடந்த காலம். இந்த நெல் போனால் அடுத்த மாரி வரைக்கும் உலையில் போட ஒன்றுமில்லை. பிறகு இல்லம் என்ற பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு எல்லாரும் அகதி முகாமில் வரிசைக்கு நிற்கவேண்டியதுதான்.

தண்ணீர் வடிய வழி இல்லாமலில்லை. வழி இருந்தது, குண்டுக்குப் பயந்து அதற்குள்தான் இவர்கள் குடியிருந்தார்கள். அந்த வயல் ஒரு சட்டி மாதிரி. சுற்றுவட்டாரத்து மழையெல்லாம் அதற்குள்தான் விழும். இல்லத்தின் ஆரம்ப காலத்தில் பெண்கள் தங்கள் கையாலேயே ஆளுயரத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, கொல்லைப்புறத்தால் கொண்டுபோய்த் தரவை வெளியில் இறக்கி, நீரேரியில் விட்டிருந்தார்கள். வருஷா வருஷம் முதல் மழை உவரைக் கழுவிக்கொண்டு அதால் ஓடும். அப்படித்தான் உப்புத்தரை வயலானது.

ஆனையிறவில் பெரிய சண்டை நடந்ததற்கு அடுத்த வருஷம் அது. கோடை முழுக்கக் குண்டு போடும் பொம்மர் விமானம் தலைக்கு மேலே சுற்றியது. ஊரெல்லாம் பதுங்கப் பங்கர் கிடங்கு வெட்டினார்கள். சிவக்கொழுந்துதான் சொன்னாள், வெட்டின கிடங்கு இருக்கும்போது புதிதாக ஏன் வெட்டவேணும் என்று. காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குக் குறுக்கே பனைமரத்தைத் தறித்துப் பனங்குத்திகளை அடுக்கினார்கள். மேலே மண்ணைப் போட்டார்கள். இரண்டு பக்க வாயையும் களிமண் நிரப்பிய உரப்பைகளால் இறுக்கி அடைத்தார்கள். ஓரத்தில் சரிவாக ஒரு வழி. தையலறையில் வேலை செய்யும், கால் இரண்டும் வழங்காத மார்கிரட்டை, சக்கரம் பூட்டிய சில்லுப்பலகையோடு அதால் உருட்டி இறக்கலாம். பெரியக்காவே வந்து பார்த்து, நல்ல மூளை என்றார். மழைக்கு முன்னம் பிரித்துவிடுவோம் என்றுதான் பேச்சு. புரட்டாசியில் சந்தைப் பக்கம் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு பிரிப்போம் என்று யார் வாய் திறப்பது? இவளும் திறக்கவில்லை. ஐப்பசியில் நெல் முளைத்தபோதும் திறக்கவில்லை.

பக்கத்தால் வேறு வாய்க்கால் வெட்டப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கிணறு. மற்றப் பக்கம் ஒரு முழம் தோண்டியதும் கல் வந்தது. கடப்பாரை மாதிரியான அலவாங்கு போட்டுக் குத்தினார்கள். கை கொப்பளித்ததுதான் மிச்சம். இறைப்பு மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. பனையோலைப் பட்டையால் அள்ளி ஊற்றினால், அள்ளியதைவிட மழை அதிகம் ஊற்றியது.

மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டிலில் கதை வெடித்தது.

"வாய்க்காலை வெட்டித் திறக்கப் போறியளோ அக்கா?" நாகேஸ்வரி சிவக்கொழுந்தைக் கேட்டாள். இருபத்திரண்டு வயது. புருஷன் விமானக் குண்டில் போனபோது வயிற்றிலிருந்த பிள்ளை இப்போது மடியில் சோறு பிசைந்துகொண்டிருந்தது.

"வயல் தாழுது."

"மழை நிண்ட உடனை பொம்மர் வரும். இந்த ஈரத்துக்கை வேறை கிடங்கு வெட்ட ஏலாது, ஊத்து அடிக்கும். என்ரை பிள்ளையை நான் எங்கை கொண்டு போறது?"

மழை விட வேண்டும் என்று சிவக்கொழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்த அதே பிள்ளையாரைத்தான், விடக்கூடாது என்று நாகேஸ்வரியும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையார்தான் பாவம். எல்லாரும் பெரியக்காவைப் பார்த்தார்கள். அவர் கையைக் கழுவிவிட்டு மெல்லச் சொன்னார்.

"வயல் விசயத்திலை வயலுக்குப் பொறுப்பானவை சொல்லுறதுதான் எண்டு நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டது. கொழுந்து, நீர்தான் சொல்லவேணும்."

சிவக்கொழுந்துக்குக் கோபம் வந்தது. நல்ல சட்டம். விளைந்தால் எல்லாருடைய நெல். முடிவெடுக்க மட்டும் நான். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாள். பசி இருந்தது, சோறு இறங்கவில்லை.

தையலறையில் மார்கிரட் தையல் மிசினின் சில்லைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். மயிலிட்டிக்காரி. இடம்பெயர்ந்தபோது அவளை ஒரு மீன் வண்டிலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். இருவருக்கும் ஒரே வயது. வந்த நாளிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போனது. சண்டை பிடிப்பதிலும் ஒத்துப்போனது.

"கால் ஓயாதோ உனக்கு? என்ரை ரெண்டுக்கும் சேத்து நீதான் நடக்கிறாய்."

சிவக்கொழுந்து வாசலில் குந்தினாள். "நாகேஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். மற்றவையும் ஓடுவினம். உன்னை என்ன செய்யிறது? அந்தச் சரிவு இல்லாட்டில் உன்னை எங்கை இறக்கிறது? அதை நினைச்சுத்தான்..."

மார்கிரட் மிசினை நிற்பாட்டினாள்.

"என்னைச் சாட்டி நெல்லை அழுக விடாதை, கொழுந்து. தையிலை சோறில்லாமல் இருக்கேக்கை எல்லாரும் என்ரை முகத்தைத்தான் பாப்பினம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். பாப்பினம். உனக்குத் தெரியும்தானே, அது எப்பிடி எண்டு."

தெரியும். அவளைவிட வேறு யாருக்குத் தெரியும். அந்தப் பார்வை பொம்மரைவிடக் கொடியது என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றுவது சரியா என்று யோசிக்கப் பயமாக இருந்தது. எழுந்து மண்வெட்டியை எடுத்தாள்.

நீரேரிப் பக்கத்து வாயை முதலில் திறந்தார்கள். களிமண் இறுகிப்போயிருந்தது. உரப்பைகளை ஒவ்வொன்றாக இழுத்தபோது வாய் கட்டியிருந்த சணல் பிய்ந்து கையோடு வந்தது. வயற்பக்கத்து வாயில் கை வைக்கும் நேரம் நாகேஸ்வரி வந்தாள். பிள்ளை இடுப்பில் இருந்தது. சரிவால் இறங்கி உள்ளே போனாள். பாயைச் சுருட்டினாள். போத்தல் விளக்கையும் பிள்ளையின் பால்மாத் தகரப் பேணியையும் எடுத்தாள். ஏறி வரும்போது சிவக்கொழுந்தைத் தொட்டுவிடும் தூரத்தால் போனாள்; முகம் பார்க்கவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியாததால் சிவக்கொழுந்து மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். வெள்ளம் ஒருதரம் யோசித்ததுபோல் நின்று, பிறகு பனங்குத்திகளுக்குக் கீழே இரைந்துகொண்டு பாய்ந்தது.

அன்றிரவு மழை ஓய்ந்தது. வயல் மெல்ல மெல்ல வடிந்தது. வரம்புகள் தலை காட்டின. பிறகு பயிர் இடுப்பு காட்டியது. பிறகு சேறு தெரிந்தது. சில நாளில் இரண்டொரு கதிர் வெளியே தள்ளிப் பூப் பிடித்திருந்தது. சிவக்கொழுந்துக்குச் சிரிக்க வேண்டும்போலிருந்தது. ஆனால் கண் கதிரில் ஒருதரமும் வானத்தில் இருதரமுமாக இருந்தது. ஒரு முகிலும் இல்லாத வானம்.

கதிரைப் பார்க்கவேண்டும் என்று மார்கிரட் ஒற்றைக்காலில் நின்றாள், வழங்காத காலில். சிவக்கொழுந்து அவளைச் சில்லுப்பலகையில் வைத்து வரம்படி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் பொம்மரின் சத்தம் கேட்டது. முதலில் தெற்கே, பிறகு எங்கும்.

குசினி அடுப்படியிலிருந்து பெண்கள் பனைமரங்கள் அடர்ந்த பனங்கூடலுக்கு ஓடினார்கள். நாகேஸ்வரி மட்டும், கோடை முழுக்க ஓடிய பழக்கத்தில், பிள்ளையை அணைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள். சரிவின் தலைப்பில் போய்த்தான் நின்றாள். கீழே, சுற்றுவட்டாரமெல்லாம் வடிந்துவந்த தண்ணீர் இன்னும் மார்பளவுக்கு மண்ணிறமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று சிவக்கொழுந்துக்குத் தெரியாது. அவள் நின்ற அந்த நிலை தன் ஆயுசு முழுக்கக் கண்ணில் நிற்கும் என்றிருந்தது.

"நாகேஸ், இஞ்சாலை வா, பயிருக்குள்ளை."

சொல்லிக்கொண்டே மார்கிரட்டைக் கைக்கு அடியில் பிடித்துப் பலகையிலிருந்து இழுத்து வயலுக்குள் விழுந்தாள். சேறு குளிர்ந்தது. பயிர் மேலே வந்து மூடியது. கொஞ்சம் தள்ளிச் சளார் என்று ஒரு சத்தம்; நாகேஸ்வரி பிள்ளையை வயிற்றுக்குக் கீழே வைத்துக் கவிழ்ந்து கிடந்தாள். பிள்ளை அழவில்லை. அவள் தலையைத் திருப்பிச் சிவக்கொழுந்தைப் பார்த்தாள். இப்போதுதான் பார்த்தாள். சிவக்கொழுந்தும் கண்ணை எடுக்கவில்லை.

விமானம் தலைக்கு மேலால் போனது. நிலம் அதிர்ந்ததா, நெஞ்சு அதிர்ந்ததா தெரியவில்லை. போன சத்தம் தேயாமல் வளையத் தொடங்கியது.

"திரும்புது," என்றாள் நாகேஸ்வரி.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. முகமெல்லாம் சேறாகக் கிடந்த மார்கிரட் ஒரு புல்லைப் பிடித்திருந்தாள்.

"கொழுந்து, உது கோரைதானே?"

சிவக்கொழுந்து பார்த்தாள்.

"ஓம். பிடுங்கு."

மார்கிரட் அந்தக் களையை வேரோடு பிடுங்கி வரம்பில் எறிந்தாள். சத்தம் நெருங்கி வந்தது. அவளுடைய கை நெல்லடியில் தடவித் தடவி அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தது.