சம்பந்தி வண்டிக்கு வேறு ஆயில்

எங்கள் பட்டறையில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வேலை மட்டும்தான். டயர், பெயிண்ட் என்று யாராவது வந்தால் பக்கத்துப் பட்டறையைக் கை காட்டிவிடுவோம். என் தகப்பனார் வைத்த முறை ஒன்று இன்றும் நடக்கிறது. வண்டியைச் செய்த கம்பெனியின் ஆயிலைத் தவிர வேறு ஊற்றுவதில்லை. கேனின் சீலை வண்டிக்காரர் கண் முன்னால்தான் உடைப்போம். ஊற்றி முடித்த காலி கேனை அவர் டிக்கியில் வைத்துத்தான் அனுப்புவோம். சிலர் அதில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். என் மகளைக் கொடுத்த வீட்டில், சம்பந்தி அவற்றை வண்டி நிறுத்துமிடத்துச் சுவரோரம் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். உறவுக்காரர்கள் வந்தால், "எங்க சம்பந்தி பட்டறை சரக்கு, கலப்படமே கிடையாது" என்பார். அந்த வீட்டில் என் மகள் தலை நிமிர்ந்து நடப்பதற்கு அந்த வரிசையும் ஒரு காரணம்.

அந்தச் சம்பந்தியின் பழைய கார் லிஃப்டில் ஏறி நின்ற காலையில்தான் என் மருமகள் வந்து சொன்னாள்.

கியர் பாக்ஸ் வேலை முழுக்க இப்போது அவள் கையில். என் மகன் வெளி வேலையும் வாடிக்கையாளரும் பார்க்கிறான். பழைய ஆயில் முழுவதும் ட்ரேயில் வடிந்திருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"மாமா, இந்த வண்டிக்கு வர்ற பழைய ரக ஆயிலைக் கம்பெனி நிறுத்திட்டாங்க. இனிமே புது ரகம்தான். எல்லா வண்டிக்கும் ஒத்துக்கும்னு எழுதியிருக்காங்க. ஆனா அது தண்ணியா இருக்கு, புது கியர் பாக்ஸுக்காகச் செஞ்சது. இதே மாடல்ல டாக்டர் வண்டிக்கு அதைத்தான் ஊத்தினோம். மெதுவா போகும்போது உதறுதுன்னு திரும்பி வந்தாரே."

"அதுக்கு?"

"வேற ஒரு கம்பெனி அந்தப் பழைய ரகத்தை அதே கெட்டியில இன்னும் செய்யறாங்க. டாக்டர் வண்டியில அவர்கிட்ட கேட்டுட்டு அதை மாத்தி ஊத்தினேன். உதறல் நின்னுடுச்சு. இதுலயும் அதையே ஊத்தலாம்னு நினைக்கறேன்."

டாக்டர் வண்டிக்கு ஆயில் மாற்றி ஊற்றிய சமாசாரம் எனக்கு அதுவரை தெரியாது. என் பட்டறையில் வெளி ஆயில் நுழைந்துவிட்டது என்பதே நெஞ்சில் தைத்தது. போதாததற்கு இப்போது சம்பந்தி வண்டி. பெண் கொடுத்த இடத்துக்கு மாற்றுச் சரக்கா?

நான் வாய் திறப்பதற்குள் மகன் உள்ளே வந்துவிட்டான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"இதுக்கு எதுக்குப்பா இவ்வளவு யோசனை? இவ சொல்றதையே ஊத்திடலாம். நம்ம வண்டிக்கு ஊத்தின கம்பெனி காலி கேனெல்லாம் உள்ள கிடக்கு. அதுல ஒண்ணை எடுத்து டிக்கியில வச்சுடுவோம். அவருக்கும் சந்தோஷம், வண்டிக்கும் நல்லது."

"சீலை அவர் முன்னாடி உடைக்கணுமே."

"அவர் டீ குடிக்கப் போயிருந்தார்னு வச்சுக்குங்க."

மருமகள் கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் வைத்தாள். "அப்படின்னா நான் ஊத்தலை. நீங்களே ஊத்திக்குங்க."

"ஆமா, நான் ஊத்தினா கீழ பாதி, மேல பாதி. தெரிஞ்சுதானே சொல்றே" என்றான் அவன்.

எனக்கு முன்னால் புருஷனிடம் அப்படிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, அவன் சொன்ன யோசனை ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது பிடிக்கவில்லை. அந்த வரிசையில் இன்னொரு கேன் சேரும். யாருக்கும் ஒரு குறையும் இருக்காது. என் மகளை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் நாளைக்கு அவர் வீட்டுக்குப் போய் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. என் முதுகு அதற்கு வளையாது.

"சம்பந்திக்குப் போன் போட்டு வரச் சொல்லு. ரெண்டு கேனையும் எடுத்து வெளியில வை" என்றேன்.

சம்பந்தி இஸ்திரி கலையாத சட்டையில் வந்து சேர்ந்தார். மேசையைப் பார்த்தார். கம்பெனிக் கேன் அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்ததை விரலால் தொடாமலே காட்டினார்.

"இது யாரு புது விருந்தாளி?"

நான் சொன்னேன். மருமகள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன், டாக்டர் வண்டி உள்பட. அவர் முகம் சுருங்கியது.

"ஊருக்கெல்லாம் ஒரிஜினல், சம்பந்திக்கு மட்டும் மாத்தாந்தாய் கவனிப்பா?"

"கம்பெனி ஆயிலும் இருக்கு. நீங்க சொன்னா உங்க முன்னாடியே உடைச்சு அதையே ஊத்தறோம். எங்களுக்கு நல்லதுன்னு படறது இந்த இன்னொண்ணுதான்."

"யார் முடிவு இது?" அவர் பார்வை மருமகள் பக்கம் போயிற்று. "சின்னப் பொண்ணு ஏதோ ஆசைப்பட்டுச்சா?"

கழன்றுகொள்ள அவரே வழி விட்டார். சிரித்துவிட்டு, 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"பட்டறை முடிவு. அப்படின்னா என் முடிவு" என்றேன்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். "என் தம்பி கேப்பான், சம்பந்தி. அவன் வாய் உங்களுக்குத் தெரியும். பொண்ணு வீட்டுக்காரங்களே மட்டச் சரக்கு ஊத்திட்டாங்கன்னு ஒரு வருஷத்துக்கு அதையே பேசுவான்." பிறகு மருமகளைப் பார்த்துக் கேட்டார். "உங்கப்பா வண்டியா இருந்தா என்னம்மா செய்வே?"

"எங்கப்பா வண்டியும் பழசுதாங்க. ஆனா வேற மாடல், அதுக்குக் கம்பெனி ஆயிலே சரியா இருக்கு, அதைத்தான் ஊத்தறேன். உங்களுதுக்கு இது."

அவருக்கு அந்தப் பதில் எதிர்பாராதது. அந்த வேறு கேனை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "ஊத்து" என்றார் கடைசியில். சீல் உடையும்போது பக்கத்தில் நின்று பார்த்தார். வண்டி இறங்கியதும், மகன் காலி கேனை டிக்கிக்கு எடுத்துப் போனான். "அது வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். என் வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளர் எங்கள் கேனை மறுத்தது அன்றுதான். மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"என்னப்பா நடந்தது அங்க? மாமா வந்ததிலேர்ந்து யார்கிட்டயும் பேசலை. அத்தை என் முகத்தை முகத்தைப் பார்க்கறாங்க."

நடந்ததைச் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டாள்.

"கம்பெனி ஆயிலையே ஊத்தித் தொலைச்சிருக்கலாமே."

"யாராவது கேட்டா, எங்கப்பா சொல்லிட்டுத்தான் செஞ்சார்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தையும் நீ பேச வேண்டாம்."

"அதைச் சொல்லிட்டு இந்த வீட்டுல சோத்துல கை வைக்கறது நான்தானே" என்று வைத்துவிட்டாள். 

மறுநாள் பட்டறை திறக்கும் நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். குரலில் கனம் இல்லை.

"காலையில மாமாவோட தம்பி, சின்ன மாமா வந்தார்ப்பா. மாமா அவரை வண்டியில ஏத்திக்கிட்டு ஒரு சுத்துப் போயிட்டு வந்தார். வந்ததும் சின்ன மாமா கேக்கறதுக்கு முன்னாடி மாமாவே சொல்லிட்டார், இந்தத் தடவை வேற ஆயில்னு. சின்ன மாமா ஏதோ ஆரம்பிச்சார். 'அவர் ரெண்டையும் என் முன்னாடி வச்சார், நான்தான் இதைச் சொன்னேன், உனக்கென்ன'ன்னு மாமா ஒரே போடு."

"வண்டி எப்படி ஓடுதாம்?"

"அதைப் பத்தி ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலை. கவனிச்சாங்களான்னே தெரியலை."

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். மருமகள் அடுத்த வண்டியின் அடியில் இருந்தாள். அவளிடம் இதைச் சொல்ல அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காலி கேன் யோசனை சொன்ன மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முதலிலிருந்து கடைசி வரை அவனுக்குத்தான் சொன்னேன்.