வாளியில் இரண்டு தட்டு

ஹெல்யா சர்ச் கூடத்தில் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா இம்பியைப் புதைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரிட்டயரான நர்ஸ் சைமி கோப்பையை நீட்டினாள்.

"எண்பத்து நாலு வயசு. தூக்கத்துலயே போயிட்டா. கொடுத்து வச்சவ."

"வலிப்பு நோயை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் இருந்ததே பெரிசு."

"யாருக்கு வலிப்பு நோய்?"

"அம்மாவுக்குத்தான். இருபத்தாறு வருஷமா."

சைமி சிரித்தேவிட்டாள். "அடி போடி! இம்பிக்கு வந்தது ஒரே ஒரு வலிப்பு. பிரஷர் மாத்திரை ஒத்துக்காம ரத்தத்துல உப்பு இறங்கிடுச்சு. மாத்திரையை மாத்தினோம், சரியாப் போச்சு. வலிப்பு வேற, வலிப்பு நோய் வேற. காரணமே இல்லாம திரும்பத் திரும்ப வந்தாத்தான் நோய். டாக்டர் என் முன்னாடிதான் சொன்னார். உங்கம்மா தலையைத் தலையை ஆட்டினா." பிறகுதான் ஹெல்யாவின் முகத்தைப் பார்த்தாள். "உன்கிட்ட சொல்லலையா?"

காபி தட்டில் வழிந்தது.

அந்த வலிப்பு வந்த வாரம்தான் ஹெல்யா ஓலு நகரத்துக்குக் கிளம்புவதாக இருந்தாள். வேலை கிடைத்திருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ரைமோ அங்கே வீடும் பார்த்து வைத்திருந்தான். "நீ போம்மா. சவுனாவுல நான் விழுந்து கிடந்தா யாராவது பாப்பாங்க" என்றாள் அம்மா. அதன்பின் எங்கே போவது? ரைமோ இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். சனிக்கிழமைதோறும் அம்மா சவுனாவில், அந்த நீராவிக் குளியலறைக்குள், அனலில் உட்கார்ந்திருப்பாள். கதவுக்குக் கொக்கி போடக் கூடாது. ஹெல்யா வெளியறை பெஞ்சில் காவல். அம்மா அவ்வப்போது அகப்பையால் வாளியில் இரண்டு தட்டு தட்டுவாள். நல்லாத்தான் இருக்கேன் என்று அர்த்தம். நல்லாத்தான் இருந்திருக்கிறாள், பாவி! பெற்ற மகளையே இப்படி ஏமாற்ற எப்படி மனசு வந்தது?

அன்றும் சனிக்கிழமைதான். வீடு திரும்பியதும் ஹெல்யா சவுனா அடுப்பை மூட்டினாள். கறுப்பு உடுப்பைக் கழற்றி அம்மாவின் ஆணியில் மாட்டினாள். உள்ளே போய்க் கொக்கியைப் போட்டாள். துருப்பிடித்திருந்தது, விழ மாட்டேன் என்றது. முஷ்டியால் ஓங்கிக் குத்தியதும் விழுந்தது. அடுப்பின் மேல் பழுத்திருந்த கற்களில் தண்ணீரை ஊற்றினாள். கண் எரிகிற வரை ஊற்றினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அகப்பையால் வாளியில் இரண்டு தட்டு தட்டினாள்.

வெளியே பெஞ்சில் யாரும் இல்லை.